அணுவுக்கும் கழிவு உண்டு

சரியாகப் பேசுவது நல்ல குணம் என்று யாராவது சொன்னால், அவர் அருளம்பலம் மாஸ்ரரோடு ஒரு செத்தவீட்டுக்குப் போகாதவர் என்று வைத்துக்கொள்ளலாம். "எண்பது வயசுமட்டும் இருந்திட்டுப் போன சீவன், ஒரு குறையுமில்லை" என்று யாரோ ஆறுதல் சொல்லுவார்கள். மூலையில் இருந்து ஒரு செருமல் கேட்கும். "எழுபத்தெட்டு" என்பார் மாஸ்ரர். "கார்த்திகை வந்தால்தான் எழுபத்தொன்பது." ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள்கூட ஒரு கணம் நிறுத்திவிட்டு அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஏன் பார்க்கிறார்கள் என்பது அவருக்கு விளங்காது. பிழை திருத்தியாகிவிட்டது, இனி அழலாம்தானே?

சொந்தக் கலியாணத்திலேயே இந்த வேலையைச் செய்தவர் அவர். முகூர்த்தம் வந்துவிட்டதென்று ஐயர் கையைத் தூக்க, நாதசுரக்காரர் சீவாளியை வாயில் வைக்க, மாப்பிள்ளை மடியில் செருகியிருந்த மணிக்கூட்டை எடுத்துப் பார்த்து, "இன்னும் மூண்டு நிமிசம் கிடக்கு ஐயா. உங்கடை மணிக்கூடு ரெயில்வே ஸ்ரேசன் மணிக்கூட்டோடை ஒத்துப்போகேல்லை" என்றார். அந்த மூன்று நிமிசமும் சபை முழுவதும் தாலியைப் பார்த்தபடி காத்திருந்தது. தலை குனிந்து பக்கத்தில் இருந்த குணலட்சுமிக்கு, தான் யாரைக் கட்டப்போகிறாள் என்பது தாலி ஏறுமுன்னமே தெரிந்துபோயிற்று. எழும்பிப் போகவா முடியும்? கட்டிக்கொண்டாள்.

மாஸ்ரர் கொழும்புக்குப் போய் இன்ரர் சயன்ஸ், அதாவது பட்டப்படிப்பின் முதல் சோதனை, பாஸ் பண்ணிவிட்டு வந்தவர். அதற்கு மேலே படிக்க வீட்டில் வசதி இல்லை. சுன்னாகத்துக்குக் கிழக்கே ஒரு சைவப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார். படிப்பித்தார் என்றால், தற்காலிகமாக. அந்தத் 'தற்காலிகம்' ஆறேழு வருடமாக நீண்டுகொண்டு போனது. நிரந்தரமாக்கக் கையெழுத்து வைக்கவேண்டியவர் பள்ளிக்கூட மனேச்சர். மனேச்சர் யார் என்று கேட்டால், கதிரவேலு முதலாளி. வெங்காயம் வாங்கிச் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்புகிற கிட்டங்கி ஒன்றின் சொந்தக்காரர். வாசிகசாலைத் தலைவரும் அவர்தான், கோயில் திருவிழாவில் முதல் காளாஞ்சி வாங்குகிறவரும் அவர்தான். விஞ்ஞானத்தைப் பற்றி அவருக்கு இருந்த அறிவெல்லாம், ஒரு தராசு எந்தப் பக்கம் சரிந்தால் தனக்கு நல்லது என்பது மட்டும்தான். சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு துறையில் அவரை வெல்ல யாழ்ப்பாணத்திலே ஆள் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு இங்கிலாந்தில் நியூத்திரனைக் கண்டுபிடித்தார்கள். கப்பலில் வரும் சஞ்சிகை ஒன்றை மாஸ்ரர் வாசிப்பார். அதில் அந்தச் செய்தி மாதக்கணக்குப் பிந்தி அவர் கைக்கு வந்தது. வாசித்ததும் மனுசனுக்கு முகம் வெளிறிப்போயிற்று. அதுவரை அவர், அணுவின் கருவுக்குள்ளே புரோத்தனும் இலத்திரனும் சேர்ந்து நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன என்றல்லவா படிப்பித்திருந்தார்? உலகம் முழுவதும் அப்படித்தான் படிப்பித்தது. ஆனால் உலகம் முழுவதும் அதற்காகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழைய மாணவர்களின் வீடு வீடாகப் போகவில்லை. இவர் போனார். ஒருவன் கலியாண நாள் காலை, தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து முழுக வார்ப்பதற்காகத் தலை குனிந்து இருந்தான். மாஸ்ரர் மாமன்மாரை விலக்கிக்கொண்டு முன்னுக்குப் போய், "தம்பி, நான் சொல்லித் தந்தது பிழை. கருவுக்குள்ளை இலத்திரன் இல்லை. நியூத்திரன்" என்று சொல்லிவிட்டு, பாலும் அறுகும் வைத்து வாழ்த்திவிட்டு, அடுத்த வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தார். அந்தப் பெடியனுக்குத் தபால்கந்தோரில் முத்திரை விற்கிற வேலை. கருவுக்குள் யார் இருந்தால் அவனுக்கு என்ன?

இப்படியான ஒரு மனுசனைக் கூப்பிட்டு வாசிகசாலையில் பிரசங்கம் செய்யச் சொன்னால் என்ன நடக்கும்? நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். 'அணுவின் நிறை எங்கே இருக்கிறது?' என்பது பொருள். வாசிகசாலைக்கு ஆண்டு விழா; கதிரவேலு முதலாளி தலைமை. வெங்காயம் பிடுங்கிக் காயவிட்டிருந்த காலமாதலால் தோட்டக்காரர் எல்லாருக்கும் ஓய்வு. பின்னுக்குப் பாயில் பெண்கள். ஊருக்கு விளங்கவேண்டும் என்பதற்காக மாஸ்ரர் முதலாளியின் கிட்டங்கியில் இருந்து ஒரு தராசை இரவல் வாங்கி, மேசையில் நாலு வெங்காயத்தை வைத்திருந்தார். நாலும் ஒரே பருமன். இரண்டுக்குக் குங்குமப் பொட்டு வைத்திருந்தது, இரண்டுக்குப் பொட்டில்லை.

"பொட்டு வைச்சது புரோத்தன். மின்னேற்றம் உள்ளது. பொட்டில்லாதது நியூத்திரன். மின்னேற்றம் இல்லை. இந்த நாலும் ஒண்டாய்ச் சேர்ந்து நடுவிலை இருக்கும். இதுதான் ஹீலியம் எண்ட வாயுவின்ரை கரு" என்று தொடங்கினார். பின்னுக்கு இருந்து ஒரு குரல் வந்தது. சின்னாச்சி. புருசன் செத்த பிறகு தண்ணீர் இறைக்கத் தனியே துலா மிதித்து, தனியே தோட்டம் செய்து, தனியே சந்தைக்குக் கொண்டுபோய் விற்கிற மனுசி. ஊரில் அவள் வாய்க்குப் பயப்படாதவர் இல்லை.

"பொட்டில்லாததுக்கும் நிறை இருக்கோ மாஸ்ரர்?"

இரண்டொரு பெண்கள் களுக்கென்று சிரித்து, சிரித்த பிறகு வெட்கப்பட்டார்கள். மாஸ்ரர் கேள்வியை மட்டும்தான் கேட்டார். கேட்டவளின் வெறும் நெற்றி அவர் கண்ணில் படவேயில்லை. "சரிசமன் அக்கா. உண்மையைச் சொன்னால் பொட்டு வைச்சதைவிட இது ஒரு சொட்டுக் கூட" என்றார். சின்னாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அவர் சொன்னது ஒவ்வொன்றையும் அவள் சாமி சொன்னதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு மாஸ்ரர் வெங்காயச் சருகை உருவி மேலே எறிந்தார். அது மெல்ல மெல்ல மிதந்து விழுந்தது. "இது இலத்திரன். கருவைச் சுத்தித் திரியுறது. ஆயிரத்து எண்ணூறுக்கு மேலை சேர்ந்தால்தான் ஒரு புரோத்தன்ரை நிறை வரும். ஆகவே அணுவின்ரை நிறை எங்கை? கருவிலை. புரோத்தனும் நியூத்திரனும்தான் நிறை. சுத்தித் திரியுறதுக்கு நிறை எண்டு சொல்ல ஒண்டுமில்லை."

முன் வரிசையில் சால்வையை விசிறிக்கொண்டு அங்குமிங்கும் நடந்து திரிந்த நிர்வாகசபை உறுப்பினர் ஒருவர் சட்டென்று ஒரு கதிரையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மாஸ்ரர் அவரை நினைத்துச் சொல்லவில்லை. அவர் ஒருவரையும் நினைத்து ஒன்றும் சொல்லுவதில்லை. அதுதான் அவரிடம் உள்ள ஆபத்து.

வந்தது வினை. குணலட்சுமியின் தமையன் பஞ்சலிங்கம் எழும்பினான். அவனும் வெங்காயத் தோட்டக்காரன். கொஞ்சம் சூடான ஆள். "மச்சான், சருகுக்கு நிறை இல்லையெண்டு வடிவாச் சொல்லிப்போட்டியள். அப்ப முதலாளி ஏன் எங்களிட்டைச் சருகுக்கெண்டு கழிவு வெட்டுறார்?"

கழிவு என்பது சந்தையில் தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். தோட்டக்காரன் ஓர் அந்தர், அதாவது நூற்றுப்பன்னிரண்டு றாத்தல் வெங்காயம் கொண்டுவந்து நிறுத்தால், முதலாளிமார் அதில் ஆறு றாத்தலைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்ப்பார்கள். சாக்குக்கு, செம்மண்ணுக்கு, சருகுக்கு என்று நியாயம் சொல்லுவார்கள். சபை 'கொல்' என்று சிரித்தது. தலைவர் கதிரையில் முதலாளியின் முகம் கறுத்தது. ஆனால் நாற்பது வருடம் தராசோடு பழகிய மூளை சும்மா இருக்குமா?

"மாஸ்ரர், எனக்கும் ஒரு சந்தேகம்" என்றார் மிகவும் பணிவாக. "இந்த நாலையும் தனித்தனிய நிறுத்துக் கூட்டினால் ஒரு கணக்கு வரும். நாலையும் ஒண்டாக் கட்டி நிறுத்தால் அதே கணக்கு வருமோ? என்ரை தராசிலை எண்டால் எப்பவும் கொஞ்சம் குறையத்தான் வாறது."

ஒரு சாதாரண மனுசன் என்ன சொல்லியிருப்பான்? 'வரும்' என்றிருப்பான். அல்லது 'நேரம் போச்சுது, அடுத்த ஆண்டு பாப்பம்' என்றிருப்பான். மாஸ்ரருடைய கண்ணோ கற்பூரம் ஏற்றியதுபோல ஒளிர்ந்தது. இவ்வளவு ஆழமான கேள்வியை அவரிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

"ஆகா! வராது முதலாளி! நல்ல கேள்வி! அணுவின்ரை கருவிலை அப்பிடித்தான். சேர்ந்தால் கொஞ்சம் குறையும். அந்தக் குறை எங்கை போகுதெண்டால்..."

"கேட்டியளோ சனங்களே!" முதலாளி எழும்பி நின்று கையைத் தட்டினார். "கடவுள் படைச்ச அணுவிலையே கழிவு இருக்குது! பிறகென்ன கேள்வி?" கிட்டங்கியில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். நன்றியுரை சொல்லி முடித்து, உடனே தேவாரமும் பாடத் தொடங்கிவிட்டார்கள். தேவாரம் பாடும்போது குறுக்கே பேச மாஸ்ரராலும் முடியவில்லை. 'எங்கை போகுதெண்டால்' என்பது அவர் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அடுத்த சந்தை நாள் கிட்டங்கியில் கழிவு ஆறு அல்ல, பத்து. "நான் என்ன செய்ய? விஞ்ஞானம் சொல்லுது. மாஸ்ரரைப் போய்க் கேளுங்கோ" என்று முதலாளி கையை விரித்தார். மற்ற முதலாளிமாரும் அன்றைக்கே விஞ்ஞானத்தை ஏற்றுக்கொண்டார்கள். இங்கிலாந்தில்கூட ஒரு கண்டுபிடிப்பு இவ்வளவு கெதியாகப் பரவியிருக்காது.

ஊர் மாஸ்ரருக்குப் பேர் வைத்துவிட்டது: கழிவு வாத்தியார். சைக்கிளில் போனால் தோட்டங்களுக்குள் இருந்து கேட்கும். பஞ்சலிங்கம் தங்கை வீட்டுப் படலை பக்கம் திரும்பிப் பார்ப்பதை விட்டான். "உன்ரை மனிசன் ஒரு வாயைத் திறந்தார், என்ரை சாக்கிலை பத்து றாத்தல் போச்சுது" என்று ஒழுங்கையில் வைத்துக் குணலட்சுமியிடம் கத்தினான். மாஸ்ரர் வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தார். "நான் சொன்னது சரிதானே? சரியானதைத்தானே சொன்னனான்?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார். குணலட்சுமி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டு, "ஓம், சரி. எப்பவும் சரி. அதுதானே எங்கடை தலைவிதி" என்றாள்.

தோட்டக்காரர் சும்மா இருக்கவில்லை. வெங்காயத்தைக் கிட்டங்கிக்குக் கொண்டுபோவதை நிறுத்தினார்கள். முதலாளிமாருக்கும் கொழும்புக்குப் போகிற ரெயிலில் ஏற்ற வெங்காயம் இல்லை. கடைசியில் வாசிகசாலையில் ஒரு கூட்டம் வைத்து, விஞ்ஞானத்தைக் கேட்டு ஒரு முடிவுக்கு வருவதென்று தீர்மானமாயிற்று. கூட்டத்துக்கு முந்தின நாள் கதிரவேலு முதலாளி மாஸ்ரரை அழைத்துப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தினார். தேத்தண்ணியும் வந்தது.

"நீர் ஒண்டும் கதைக்கவேண்டாம் காணும். நான் கதைக்கிறன். நீர் எனக்குப் பக்கத்திலை பேசாமல் இருந்தால் போதும். சனம் உம்மடை முகத்தைப் பார்க்கவேணும், அவ்வளவுதான். திங்கட்கிழமை உம்மை நிரந்தரமாக்கிறதுக்குக் கையெழுத்து வைக்கிறன். எந்த நாளும் தற்காலிகமா நிக்கிறது உமக்கும் வெட்கம், எனக்கும் வெட்கம்."

நிரந்தரம்! அந்தச் சொல்லை மாஸ்ரர் எத்தனை வருடம் கனவில் கண்டிருப்பார்! ஒவ்வொரு தவணையும் முடியும்போது, அடுத்த தவணைக்கு வேலை உண்டோ இல்லையோ என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். வீட்டில் இரண்டு பிள்ளைகள். வேறு தோட்டம் துரவு ஒன்றும் இல்லை. இந்த வேலை போனால் யாழ்ப்பாணத்தில் அவருக்கு வேறு வேலை யார் கொடுப்பார்கள்? வயது நாற்பதைத் தொடுகிறது. அவருக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

குணலட்சுமியிடம் சொன்னார். அவள் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "வாயை மூடிக்கொண்டு இருங்கோ. பேசாமல் இருக்கிறது பொய் சொல்லுறதில்லைத்தானே? அண்ணை கோவிச்சால் நான் பாத்துக்கொள்ளுவன். வேலை போனால் ஆர் பாக்கிறது?" பிறகு, கட்டிய நாளில் இருந்து அவரை அறிந்தவள் அல்லவா, தட்டத்தில் இருந்து வெற்றிலையை எடுத்து, பாக்கு, சுண்ணாம்பு, கொஞ்சம் புகையிலையும் சேர்த்து, குழந்தையின் கைமுட்டியளவு ஒரு சுருள் கட்டிக் கொடுத்தாள். "கூட்டம் தொடங்க முன்னம் இதை வாய்க்குள்ளை போடுங்கோ. முடியுமட்டும் துப்பக்கூடாது. என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணுங்கோ." மாஸ்ரர் சத்தியம் பண்ணினார்.

கூட்டத்துக்கு ஊரே திரண்டு வந்திருந்தது. ஒரு பக்கம் பஞ்சலிங்கமும் தோட்டக்காரரும். மறுபக்கம் முதலாளிமார். மேடையில் கதிரவேலு முதலாளி, பக்கத்தில் கன்னம் வீங்கியதுபோல வெற்றிலையை அடக்கிக்கொண்டு மாஸ்ரர். சின்னாச்சி அவரை ஒருமுறை பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது அவருக்கு ஊசி குத்தியதுபோல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, பிள்ளைகளை நினைத்துக்கொண்டார்.

முதலாளி நன்றாகத்தான் தொடங்கினார். "அணுவுக்குள்ளை ஒரு கரு இருக்குது. அதுக்குள்ளை அஞ்சு சாமான்." நாலு, என்று மாஸ்ரரின் மனம் அலறியது. பல்லைக் கடித்தார், பாக்கு நொறுங்கியது. "நியூத்திரன் எண்டொரு சாமானை ஜேர்மன்காரன் கண்டுபிடிச்சான்." இங்கிலாந்து! மாஸ்ரர் கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாகக் கட்டியது. இன்னும் கொஞ்சம், திங்கட்கிழமை, நிரந்தரம்.

"இதெல்லாம் சேரேக்கை பத்திலை ஒண்டு போயிடும். பத்து றாத்தலுக்கு ஒரு றாத்தல்! இந்தா மாஸ்ரர் பக்கத்திலை இருக்கிறார். பிழையெண்டால் சொல்ல மாட்டாரோ?"

மனிதனால் எவ்வளவைத்தான் பொறுக்க முடியும்? மாஸ்ரர் எழும்பினார். எழும்பவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. கால் தானாக எழும்பிற்று. துப்பக்கூடாது என்று சத்தியம் பண்ணியவர், அவ்வளவு வெற்றிலையையும் புகையிலையோடு ஒரே மிடறாக விழுங்கினார். கண்ணால் தண்ணீர் கொட்டியது. விக்கலுக்கும் இருமலுக்கும் நடுவே கத்தினார்: "பத்திலை ஒண்டில்லை! நூறிலை ஒண்டுகூட இல்லை! ஹீலியத்துக்கு நூறு றாத்தலுக்கு முக்கால் றாத்தல்! எந்த அணுவை எடுத்தாலும் நூறிலை ஒண்டைத் தாண்டாது!"

பின்னால் இருந்து சின்னாச்சி எழும்பினாள். "அப்ப மாஸ்ரர், அந்த முக்கால் றாத்தலும் ஆரின்ரை மடிக்குள்ளை போகுது?"

"ஒருத்தற்றை மடிக்குள்ளையும் போறேல்லை அக்கா! அண்டைக்குச் சொல்ல விடேல்லை. அது சக்தியா வெளியிலை போகும். அந்த நிறையை வெளியிலை விட்டபடியாத்தான் நாலும் ஒண்டையொண்டு விடாமல் பிடிச்சுக்கொண்டு நிக்குது. திரும்பப் பிரிக்கவேணுமெண்டால் எடுத்த அவ்வளவையும் ஆராவது திருப்பிக் குடுக்கவேணும்!"

"திருப்பிக் குடுக்கவேணுமாம்!" என்று பஞ்சலிங்கம் துள்ளிக் குதித்தான். தோட்டக்காரர் சால்வையைத் தலைக்கு மேலே சுழற்றினார்கள். யாரோ மாஸ்ரரைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். தோளில் இருந்தபடியும் அவர், "இது வெங்காயத்துக்குப் பொருந்தாது! வெங்காயம் வேறை, அணு வேறை!" என்று விக்கிக்கொண்டே கத்தினார். அதை யார் கேட்டார்கள்?

திங்கட்கிழமை முதலாளி கையெழுத்து வைத்தார். மாஸ்ரர் இனிப் பள்ளிக்கூடத்துக்கு வரத் தேவையில்லை என்பதற்கு.

குணலட்சுமி அன்று அழுதாள். திட்டவில்லை; அதுதான் அவருக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது. "நான் அவையளுக்காகக் கதைக்கேல்லை, குணம்" என்றார். "கணக்குப் பிழை, அதுதான்." "தெரியும். உங்களை எனக்குத் தெரியாதோ?" என்றாள் மூக்கைச் சிந்திக்கொண்டு.

ஆனால் தோட்டக்காரர் அவரைக் கைவிடவில்லை. முதலாளிமார் வழிக்கு வந்திருந்தார்கள்: இனிமேல் கழிவு என்று ஒன்று இல்லை. சாக்கை அவிழ்த்து, மண்ணையும் சருகையும் நீக்கி, உள்ளதை உள்ளபடி நிறுப்பது. யார் நிறுப்பது? வேலையே போனாலும் முக்கால் றாத்தலை விட்டுக்கொடுக்காத மனுசனைவிட வேறு யார்? மாஸ்ரரைச் சந்தைத் தராசுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். இன்ரர் சயன்ஸ் பாஸ் பண்ணியவர் வெங்காயம் நிறுக்கப் போவதா என்று முதலில் அவருக்குக் கோபம் வந்தது. பிறகு அந்தத் தராசைக் கண்டதும் கோபம் பறந்துபோயிற்று. தராசின் நடு முள், அந்த நாவூசி, நடுங்குவதை அவர் ஓர் இரவு முழுவதும் நினைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

முதல் வேலையாகப் படிக்கல்லையெல்லாம் தட்டிப் பார்த்தார். முதலாளிமாருடைய கல்லில் பாதிக்கு அடியில் ஈயம் உருக்கி ஊற்றியிருந்தது. அந்தக் கல்லில் நிறுத்தால் தோட்டக்காரனுடைய வெங்காயம் குறைத்துக் காட்டும். தோட்டக்காரர் ஆரவாரம் செய்தார்கள். "சிங்கம்!" என்றான் பஞ்சலிங்கம். அடுத்த வேலையாக, முதலில் வந்த சாக்கை அவிழ்த்தார். அது பஞ்சலிங்கத்தின் சாக்கு. அடியில் செம்மண் கட்டி. நடுவில் ஈரத்தோடு கட்டிய வெங்காயம். ஒரு பக்கத்தில் பாதிச் செங்கல்லும் இருந்தது.

"மச்சான், கொஞ்சம் பாத்துப் போடுங்கோ" என்று பஞ்சலிங்கம் காதுக்குள் சொன்னான். "நாங்கள் ஒரு வீட்டு ஆக்கள்."

மாஸ்ரர் செங்கல்லைத் தனியாக நிறுத்தார். மண்ணைத் தனியாக நிறுத்தார். "பதினாலேகால் றாத்தல்" என்று சந்தைக்கே கேட்கச் சொன்னார். பழைய ஆறு எங்கே, புதிய பத்து எங்கே, இது எங்கே! பஞ்சலிங்கம் செங்கல்லைக் காலால் ஒரு பக்கம் தள்ளினான். அதற்குப் பிறகு வந்த சாக்குகளிலும் பெரிய வித்தியாசம் இல்லை. பன்னிரண்டு, பதினொன்றரை, பதின்மூன்று. கழிவு ஆறு என்றிருந்த காலத்தில் முதலாளி கல்லில் ஈயம் ஊற்றினார், தோட்டக்காரன் சாக்கில் மண் போட்டான், இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது ஒருவருக்கும் ஒன்றும் சரியாகவில்லை. சின்னாச்சியின் சாக்கில்கூட ஏழு றாத்தல் மண் இருந்தது. அவளுடைய சாக்கை அவிழ்க்க அவருக்குக் கை வரவில்லை, ஆனாலும் அவிழ்த்தார். "என்ரை சாக்கையும் இப்பிடிப் பாக்கிறியளோ மாஸ்ரர்?" என்று அவள் கேட்டபோது அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஏழு" என்றார்.

அந்த வெங்காயப் போகம் முடிவதற்குள், தலைமுறை தலைமுறையாக ஒரு விடயத்திலும் ஒத்துப்போகாத இரண்டு பக்கமும் ஒத்துப்போயிற்று. முதலாளிமாரும் தோட்டக்காரரும் கிட்டங்கியில் ஒன்றாக இருந்து தேத்தண்ணி குடித்து, கழிவு பழையபடி ஆறு என்று முடிவு செய்தார்கள். சாக்கை அவிழ்ப்பதில்லை. கல்லைத் தட்டிப் பார்ப்பதில்லை. மாஸ்ரரைத் தராசில் இருந்து எடுத்துவிடுவது. அந்தக் கடைசித் தீர்மானத்தைப் பஞ்சலிங்கம் முன்மொழிய, கதிரவேலு முதலாளி வழிமொழிந்தார். இருவரும் கட்டிப்பிடிக்காத குறை.

அன்று பின்னேரம் முதலாளியே வில்லுவண்டியில் மாஸ்ரர் வீட்டுப் படலைக்கு வந்து இறங்கினார். குணலட்சுமி அவசர அவசரமாகக் கதிரையைத் துடைத்துப் போட்டாள். முதலாளி மடியில் இருந்து ஒரு கடுதாசியை எடுத்து நீட்டினார். நியமனம். நிரந்தர நியமனம். கையெழுத்தும் வைத்திருந்தது.

மாஸ்ரர் கையெழுத்தை இரண்டு தரம் பார்த்தார். "என்மேலை உங்களுக்குக் கோபம் இல்லையோ?"

"என்ன கோபம் காணும்? நீர் நல்ல மனிசன். ஊரிலை ஆரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவினம்." முதலாளி எழும்பிச் சால்வையை உதறித் தோளில் போட்டார். கோபமே இல்லாத, கனிந்த முகம். "உம்மடை இடம் சந்தையில்லை, பள்ளிக்கூடம். அங்கை நீர் எவ்வளவு சரியாச் சொன்னாலும் ஒருத்தருக்கும் ஒரு நட்டமும் இல்லை."

வண்டி போய்விட்டது. குணலட்சுமி கடுதாசியைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். பாயாசத்துக்குச் சவ்வரிசி இருக்கிறதா என்று தேடுகிற சத்தம் கேட்டது. மாஸ்ரர் முற்றத்திலேயே நின்றார். இத்தனை வருடம் காத்திருந்தது கையில் வந்துவிட்டது. சந்தோசம் மட்டும் வரவில்லை. வாழ்நாளில் எவர் சொன்ன எந்த வசனத்தையும் அவர் திருத்தாமல் விட்டதில்லை. முதலாளி கடைசியாகச் சொன்ன வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். எங்காவது ஒரு பிழை இருக்கவேண்டும் என்று, பொழுதுபடும்வரை நின்று தேடினார். ஒரு பிழையும் அகப்படவில்லை.